பிளிக்கர்ஸ் அட்டைகள்: இரண்டு வருடம் வகுப்பில் பயன்படுத்திய பிறகு எழுதுவது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று 34 குரலும் ஒன்றாக வரும். பதினாறு வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதில் பாதி வருடமாவது அதை நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன். முன் வரிசையில் நாலு பேர் பதில் சொல்வார்கள், பின்னால் இருப்பவர்கள் அந்த நாலு பேரின் வாயைப் பார்த்துக் கூடவே முணுமுணுப்பார்கள், நான் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். பருவத் தேர்வுத் தாளைத் திருத்த உட்காரும்போதுதான் தெரியும், எத்தனை பேருக்குப் புரியவே இல்லை என்று. அப்போது அந்தப் பாடமும் முடிந்திருக்கும், பருவமும் முடிந்திருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். இரண்டு வருடமாக பிளிக்கர்ஸ் என்கிற அட்டைகளை வகுப்பில் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா, உருப்படியா, வேலை கூடுமா குறையுமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பேப்பர், கிளிக்கர் இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்த பெயர். கிளிக்கர் என்பது வெளிநாட்டு வகுப்பறைகளில் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிற பட்டன் கருவி, விலை அதிகம். அந்த வேலையை வெறும் காகிதம் செய்கிறது. கியூஆர் குறியீடு மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு படம், நாலு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி, மூலையில் ஒரு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் படம் வேறு, ஒரு பிள்ளைக்கு ஒரு எண். பிள்ளை தன் விடை எதுவோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் போனில் பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து கேமராவை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மெதுவாக நகர்த்துவேன், யார் எந்த விடை என்று பெயரோடு திரையில் வந்துவிடும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. பிள்ளைகளிடம் போனோ டேப்லெட்டோ தேவையில்லை, என் ஒரு போனும் கொஞ்சம் நெட்டும் இருந்தால் ஆயிற்று. 34 பேருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அட்டைகளுக்குக் காசு இல்லை. பிளிக்கர்ஸ் தளத்திலேயே பிடிஎஃப் இருக்கிறது, 40 அட்டைத் தொகுப்பு ஒன்று, 63 அட்டைத் தொகுப்பு ஒன்று. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பழைய நீள நோட்டு அட்டைகளை வெட்டி அதில் ஒட்டினோம். எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒரு மதியம் உட்கார்ந்து முடித்துவிட்டார்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும், நீங்களும் செய்துவிடாமல் இருக்க. அட்டை நைந்துபோகுமே என்று ஆசை ஆசையாகப் பளபளப்பு லேமினேஷன் போட்டேன். வகுப்பில் எடுத்தால், ஜன்னல் ஓர வரிசையில் இருந்த ஒன்பது பேரின் அட்டை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கேமராவுக்குக் கறுப்பும் தெரியவில்லை வெள்ளையும் தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தோம், ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், கடைசியில் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பிரிண்ட் எடுத்து வெறும் அட்டையில் ஒட்டினேன். லேமினேஷன் போட்டே ஆக வேண்டுமென்றால் பளபளப்பு இல்லாத மேட் வகை போடுங்கள். அப்புறம், அட்டையின் ஓரத்து வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள், கட்டைவிரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தால் அந்த அட்டை பதிவாகாது. இதைப் பழக்க ஒரு வாரம் போதும்.

சரி, இதெல்லாம் பொருளைப் பற்றி. நான் உண்மையில் எழுத வந்தது வேறு. இந்த அட்டை நல்லதா கெட்டதா என்பது அட்டையில் இல்லை, அதைத் தூக்கச் சொல்வதற்கு முன் நீங்கள் கரும்பலகையில் எழுதுகிற கேள்வியில் இருக்கிறது. இது புரிய எனக்கு ஒரு பருவம் ஆனது.

ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவம், தசம எண்கள். பாடத்தின் தொடக்கத்திலேயே கற்றல் நோக்கங்கள் என்று போட்டிருக்கும், வகுப்புச் சுவரில் கற்றல் விளைவுகள் சுவரொட்டி தொங்கும். கற்றல் விளைவு என்றால், பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. 2017-இல் மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி வகுப்பு வாரியாகக் கற்றல் விளைவுகளை வெளியிட்டது, அதே வருடம் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளிலும் அதைச் சேர்த்தார்கள். அதிலிருந்து நாங்கள் எல்லோரும் பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவை எழுதிக்கொண்டுதான் வருகிறோம். நான் போன ஒரு பயிற்சியில் இரண்டு நாள் முழுக்க அதை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிய பிறகு வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. நல்ல ஏற்பாடு அது, குறிப்பேட்டிலேயே நின்றுவிட்டது.

தசம எண்களை ஒப்பிடத் தெரிய வேண்டும், இதுதான் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட இலக்கு. இதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு வழிகாட்டும் கேள்வியாக மாற்றினேன்: மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரு பொட்டலத்துக்கு 0.250 என்று வருகிறது, இன்னொருவர் தன் பொட்டலம் 0.3 என்கிறார், யாரிடம் அதிகம் இருக்கிறது, அதை எப்படி அடித்துச் சொல்வீர்கள்? ஒரு வாரம் முழுக்க இந்தக் கேள்வி கரும்பலகையின் வலது மூலையில் அழிக்காமல் இருந்தது. கடைக்குப் போன பிள்ளைகள் தராசைப் பார்த்துவிட்டு வந்து எண்களைச் சொன்னார்கள். எல்லாத் தராசிலும் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் வருகிறது, அது ஏன் என்று ஒரு பையன் கேட்டான். கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்பதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் அந்த ஒரு கேள்வியிலேயே போக முடிந்தது.

மூன்றாம் நாள் அட்டையை எடுத்தேன். கேள்வி: இவற்றில் பெரியது எது? ஏ) 0.4, பி) 0.35, சி) 0.125, டி) 0.08. விடை 0.4. 18 பேர் பச்சை, 14 பேர் 0.125, இரண்டு பேர் 0.08. 125 பெரிய எண், அதனால் 0.125 பெரிது என்று முழு எண் மாதிரி படித்தவர்கள் அந்த 14 பேர், அது நான் எதிர்பார்த்ததுதான். பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. பச்சை வந்த ஒரு பெண்ணிடம் சும்மா கேட்டேன், "நீ எப்படிம்மா 0.4-னு போட்ட?" அவள் சொன்னது: "புள்ளிக்கு அப்புறம் நீளமா போகப் போகச் சின்னதாயிடும் டீச்சர், 0.4-தான் குட்டையா இருக்கு, அதனால அதுதான் பெருசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னது, நூறைவிட ஆயிரத்தில் ஒன்று இன்னும் சின்னது என்று நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதைத் தப்பான இடத்தில் பொருத்திவிட்டாள். அவளுடைய தவறான விதி என் கேள்விக்குச் சரியான விடையைக் கொடுத்துவிட்டது. அப்படியானால் பச்சையாக வந்த 18 பேரில் எத்தனை பேர் இப்படி? போனில் அதற்குப் பதில் இல்லை. கேள்வியிலேயே ஓட்டை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கேள்வியை மாற்றினேன். ஏ) 0.4, பி) 0.375, சி) 0.52, டி) 0.08. இதில் பெரியது 0.52. நீளமானது பெரிது என்று நினைப்பவர் 0.375-க்குப் போவார். குட்டையானது பெரிது என்று நினைப்பவர் 0.4-க்குப் போவார். பூச்சியத்தை விட்டுவிட்டு எந்த இலக்கம் பெரிது என்று மட்டும் பார்ப்பவர் 8-ஐப் பார்த்து 0.08 போடுவார். இட மதிப்பைப் பார்ப்பவர் மட்டும்தான் 0.52-க்கு வர முடியும். சரியான விடையை நடுநீளத்தில் வைத்ததுதான் நான் செய்த முக்கியமான மாற்றம். மறுநாள் அதே 34 பேர்: 13 பேர் 0.52, 14 பேர் 0.375, ஐந்து பேர் 0.4, இரண்டு பேர் 0.08. முதல் நாள் பச்சையில் ஒளிந்திருந்த ஐந்து பேரும் பெயரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த 14 பேருக்கும் இந்த ஐந்து பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலைக்கு ஆகாது, அவர்கள் நேரெதிர்த் திசையில் தவறு செய்கிறவர்கள். பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தியிருந்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. 14 பேரிடம் எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். எல்லோரும் "பூச்சியம் புள்ளி முந்நூற்று எழுபத்தைந்து" என்றார்கள். அங்கேதான் சிக்கல். முந்நூறு என்று வாய் சொல்லும்போது மனது அதை ஐம்பத்திரண்டைவிடப் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ளும். "புள்ளி மூன்று ஏழு ஐந்து" என்று படிக்கப் பழக்கினேன், நானும் அதுவரை முந்நூற்று எழுபத்தைந்து என்றே சொல்லி வந்திருக்கிறேன். அப்புறம் கிரிக்கெட். ஒரு பையன், "3.5 ஓவருக்கு அப்புறம் ஒரு பந்து போட்டா 4 ஓவர் ஆயிடுது, அப்ப 3.9 எங்க டீச்சர் இருக்கு?" என்றான். ஓவரில் இருக்கிற புள்ளி தசமப் புள்ளியே இல்லை, அது வெறும் பந்து எண்ணிக்கை, ஆறோடு தீர்ந்துவிடும் என்று விளக்க ஒரு பாதி வகுப்பு போனது. நல்ல பாதி வகுப்பு.

0.4 போட்ட ஐந்து பேருக்குப் பத்துக்குப் பத்து கட்டத் தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். 0.4 என்றால் 40 கட்டம், 0.52 என்றால் 52 கட்டம், 0.375 என்றால் முப்பத்தேழரைக் கட்டம். அந்த அரைக் கட்டத்தைத் தீட்டும்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீளமா இருந்தா சின்னதுன்னு இல்ல போல டீச்சர்." நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, இவற்றில் சிறியது எது என்று கேட்டு 0.3, 0.24, 0.618, 0.9 கொடுத்தேன். 27 பேர் 0.24. மிச்சம் ஏழு பேரோடு மதிய உணவுக்கு அப்புறம் தனியாக உட்கார்ந்தேன்.

டிலன் வில்லியம் என்கிற பிரிட்டிஷ் கல்வியாளர் இந்த மாதிரிக் கேள்வியைக் கதவின் கீலோடு ஒப்பிடுவார், பாடம் இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கேள்விக்கு வருகிற விடை முடிவு செய்யும். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் எந்த எண்ணம் இருக்கிறது, அது வந்தால் நான் அடுத்த பத்து நிமிடம் என்ன செய்வேன் என்று முந்தைய ராத்திரியே தெரிந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு பாடத்துக்கு மூன்று கேள்விதான் தயார் செய்கிறேன், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆகிறது. பிளிக்கர்ஸின் இலவச அக்கவுண்டில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விக்கு மேல் போட முடியாது என்று நிறையப் பேர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. நாற்பது நிமிட வகுப்பில் ஐந்துக்கு மேல் கேட்டால் அது சோதனைத் தேர்வு ஆகிவிடும்.

தேர்வு என்றதும் இன்னொரு விஷயம், இதுதான் நான் மிகவும் வருத்தப்பட்ட இடம். நம் மாநிலத்தில் 2012-13 முதல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு இருக்கிறது, பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதல் வருடம், பதிவேடு நிரப்ப வசதியாக இருக்கிறதே என்று பிளிக்கர்ஸ் விடைகளையே வளரறி மதிப்பெண்ணாகப் போட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் வகுப்பு மாறிவிட்டது. பக்கத்துப் பிள்ளையின் அட்டையில் எந்தப் பொடி எழுத்து மேலே இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், நன்றாகப் படிக்கிற பையன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். 30 பேர் பச்சை வந்தது, ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மறுபடி அந்தக் கூட்டுக் குரலையே வேறு வடிவத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் யாரும் தன் தவறை மறைக்கத்தான் பார்ப்பார்கள். அரையாண்டுக்கு அப்புறம் மதிப்பெண்ணை நிறுத்தினேன், இது மார்க்குக்கு இல்லை, நான் நாளைக்கு என்ன நடத்தணும்னு எனக்குச் சொல்றதுக்கு என்று வகுப்பில் சொன்னேன். அவர்கள் அதை நம்ப ஆறு வாரம் ஆனது. வளரறி மதிப்பெண்ணுக்குச் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் தனியாக நடக்கின்றன, அதில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதே காரணத்துக்காக, முடிவுகளைப் பெயரோடு ஸ்மார்ட் போர்டில் போடாதீர்கள். அப்படிக் காட்ட வசதி இருக்கிறது. நான் எத்தனை பேர் எந்த விடை என்கிற எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறேன், சரியான விடையையும் உடனே சொல்வதில்லை. 14 பேர் பி, 13 பேர் சி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி தூக்குங்கள் என்றால் வகுப்பில் எழுகிற சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலைமை ஆசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்தார், வாசலில் நின்று முழுதும் கேட்டுவிட்டு, "நானும் ஒரு அட்டை பிடிக்கலாமா டீச்சர்?" என்றார்.

சிலேட்டோடு ஒப்பிடச் சொன்னால், சிலேட்டை நான் விடவில்லை. வகுத்தல் கணக்கில் எந்தப் படியில் தடுக்கியது என்று பார்க்க அட்டையால் முடியாது, நாலு விடையில் ஒன்றைக் காட்டத்தான் முடியும். சிலேட்டில் எழுதித் தூக்கினால் வழிமுறையே தெரியும். ஆனால் 34 சிலேட்டையும் நின்ற இடத்தில் படித்து நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே யார் எங்கே இருக்கிறார் என்று தெரிய அட்டை, ஏன் அங்கே இருக்கிறார் என்று தெரிய சிலேட்டு. தமிழ், சமூக அறிவியல் எடுக்கிறவர்கள் யோசித்துப் பயன்படுத்துங்கள். கவிதை நயத்தை நாலு விடைக்குள் அடைக்க முடியாது, இலக்கணத்துக்கும் வரைபடக் கேள்விகளுக்கும் நன்றாக வரும். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை நடத்தும் டீச்சருக்கு இது தேவைப்படவே இல்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற நிலையிலிருந்தே தொடங்கச் செயல்பாடுகள் கையேட்டிலேயே இருக்கின்றன, அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் அந்த வயதுக்குச் சரி.

ஒரு தனியார் நிறுவனத்தின் கேள்வி வங்கியையும் நன்கொடையாளர் ஒருவர் மூலம் ஒரு வருடம் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் கேள்வி, அழகான படங்கள். தசம எண்களுக்கு அதில் இருந்தவை பெரும்பாலும் வரையறையைக் கேட்டன, தவறான விடைகள் வாய்க்கு வந்த எண்களாக இருந்தன. அப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை தவறு செய்தால் ஏன் தவறு செய்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற நமக்குத்தான் எந்தத் தவறு எங்கே வரும் என்று தெரியும். பழைய விடைத்தாள் கட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கேள்வி தயாரிக்க அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

செயலியின் மொழி ஆங்கிலம், கேள்வியைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், படமும் சேர்க்கலாம். சிக்னல் சரியாக வராத நாளில் நான் மல்லுக்கட்டுவதில்லை, பிள்ளைகள் அட்டையைத் தூக்கட்டும், பொடி எழுத்தை நடந்து போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, நாலு விடைக்குள் அடங்காத கணக்குகளுக்காக.

அட்டை தொலைந்தால் கவலைப்பட வேண்டாம், அந்த எண்ணை மட்டும் மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் 17-ஆம் எண்ணை இதுவரை மூன்று தடவை எடுத்தாயிற்று. கடைசித் தடவை அது அந்தப் பையன் வீட்டில், அவன் தங்கைக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் கிடைத்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு இவனுக்குப் புதிதாக ஒன்று ஒட்டிக் கொடுத்தேன்.